சிக்னல் இருக்கும் பக்கம்

ராக்கெட் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஆனால் ஆக்சிலியா பார்க்க ஏங்கிய அதிசயம் அதற்குள் தொடங்கிவிட்டது.

வேனுக்குள் அவள் முன்னாலிருந்த திரையில் அந்தக் கடற்கரை முழுவதும் விரிந்திருந்தது. செம்மணல் குவிந்த தேரி மேடு, அதற்குக் கீழே பனைக் கூட்டம், நடுவில் உப்போடை, ஓடைக்கு அப்பால் ஏவுதளம். அவற்றின் மேல் லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் கையிலிருந்த போன். புள்ளிகளுக்கு முன்னால் ஒரு நீலக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் கூட்டம் எங்கே நிற்கும் என்று அவளுடைய கணக்கு முன்கூட்டியே வரைந்து காட்டும் கோடு அது. கோடு பனைமரங்களைச் சுற்றி வளைந்தது. கொஞ்சம் பொறுத்துப் புள்ளிகளும் அதே வளைவில் வளைந்தன.

"வருது! ஐயோ, அப்படியே வருது!" என்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

வெயிலுக்குப் பயந்து ஏசி வேனுக்குள் ஒதுங்கியிருந்த டி.எஸ்.பி. பேச்சியம்மாள் கையிலிருந்த பாட்டில் தண்ணீர் சிந்திவிட்டது. "என்னம்மா, ராக்கெட்டா?"

"இல்ல மேடம், என் கணக்கு!"

ஆக்சிலியா இதே கரையில் பிறந்தவள். அப்பா மீன்பிடிப் படகு வைத்திருந்தார். மகள் கணிதம் படித்துச் சென்னைக்குப் போய், கம்பியில்லா வலைகளில் நெரிசலைக் கணிக்கும் ஆராய்ச்சியாளராக ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மனிதர்களை ஏற்றிக்கொண்டு முதல் ராக்கெட் கிளம்பும் நாள் இது. உள்ளே உட்காரப்போகும் மூவரில் ஒருத்தி இந்த வட்டாரத்துப் பெண். அவள் முகத்தை நேரலையில் பார்க்கவும், தாங்கள் எடுக்கும் படத்தை ஊருக்கு அனுப்பவும் ஜனம் போனும் கையுமாகத் திரண்டிருந்தது. எந்தக் கம்பெனி சிம் ஆனாலும் அன்றைக்கு அந்தக் கரையில் எல்லாருக்கும் இவர்கள் அமைத்திருந்த ஒரே தற்காலிக வலைதான்.

"கணக்குக்கா இந்தக் குதி குதிக்க?" பேச்சியம்மாள் சிரித்தபடி சேலைத்தலைப்பைத் தேடுகிறவர் போலக் காக்கிச் சட்டையைத் தடவிவிட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் வெளங்கும்படியா சொல்லேன்."

"ஒரு ரூமுக்குள்ள பத்துப் பேரு ஒரே நேரத்துல பேசுனா என்ன ஆவும்?"

"ஒண்ணும் கேக்காது. எங்க ஸ்டேஷன் மாதிரி."

"போனும் அப்படித்தான் மேடம். உங்க பேச்சு பக்கத்துல நிக்கவருக்கு இரைச்சல். அவரு பேச்சு உங்களுக்கு இரைச்சல். இத்தனை கூச்சலுக்கு நடுவுல ஒவ்வொரு டவரும் தன்னோட ஆளுக்குக் காது குடுக்கணும். எந்த எடத்துல எவ்வளவு இரைச்சல் சேரும், யாருக்கு லைன் கெடைக்கும்னு முன்னாடியே சொல்லுததுதான் என் வேலை. ஆனா பெரிய கூட்டம்னு வந்துட்டா என் கணக்கு தப்பிப் போயிரும். வருசக்கணக்கா மண்டைய ஒடச்சேன்."

"பொறவு?"

"நான் மனுசங்கள மரம் மாதிரி ஊனி வச்சிருந்தேன். அவங்க எங்க நிக்காங்க? படம் வராம வட்டம் சுத்திக்கிட்டே நின்னா போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் தள்ளிப் போவாங்க. அங்க கூட்டம் சேந்தா அங்கயும் சிக்னல் போயிரும். மறுபடியும் நகருவாங்க. இந்த நகர்றதையும் கணக்குக்குள்ள சேத்தேன். அவ்வளவுதான், பூட்டு தெறந்துட்டு! வேடிக்கை என்னன்னா, தான் நகந்தது அவங்களுக்கே தெரியாது. கேட்டுப் பாருங்க, 'சும்மா இந்தப் பக்கம் வந்தோம்'பாங்க."

பேச்சியம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது.

"அப்ப அந்தக் கோடு ஏன் பாலத்துக்குப் போவுது?"

ஆக்சிலியா திரும்பினாள். நீலக்கோடு பனைமரங்களை விட்டு விலகி உப்போடைப் பாலத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. பழைய, குறுகலான பாலம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து, அங்கே சவுக்குக் கம்புகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கோடு பாலத்தின் நடுவில் போய்ச் சுருண்டது. சுருள் இறுகிக்கொண்டே வந்து சிவப்பானது. ராக்கெட் கிளம்பும் நேரத்தில் அந்தப் பாலத்தில் மூச்சுவிட இடமிருக்காது என்று அவள் கணக்கு சொன்னது. இதுவரை அது சொன்ன எதுவும் பிசகவில்லை.

பேச்சியம்மாள் வயர்லெஸ்ஸை எடுத்துவிட்டார். "பாலத்துக்கு ரெண்டு பக்கமும் அடைங்க! மேல நிக்கவங்கள எறக்குங்க!"

பதில் கரகரத்தது. "மேடம், மைக்ல கத்திக் கத்தித் தொண்ட போச்சு. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காவ. எல்லாம் போனப் பாத்துக்கிட்டு நிக்காவ. எங்களால உள்ள நொழைய முடியல."

ஆக்சிலியா சொன்னாள்: "மேடம், உங்க மைக் சொன்னா கேக்க மாட்டாங்க. சிக்னல் சொன்னா கேப்பாங்க."

"என்ன சொல்லுத?"

"பாலத்துல சிக்னலக் கொறைக்கேன். தேரி மேட்டுல கூட்டுதேன். தானா நகந்துருவாங்க."

அவள் சென்னைக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். அவளுடைய மேலதிகாரி திருமலைக்கொழுந்து திரையில் தோன்றினார். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் முகம் வெளுத்தது.

"மொத்தமா அணைச்சிரு ஆக்சிலியா! பாலத்து டவர இப்பவே அணை!"

"வேண்டாம் சார்! அணைச்சா எல்லாரும் ஒரே நேரத்துல திரும்புவாங்க. வெளிய போற வாய் ரெண்டே ரெண்டு. நாம பயப்படுறது அப்பதான் நடக்கும். ஓரத்துல நிக்கிறவங்க முதல்ல போகணும். நடுவுல இருக்கிறவங்களுக்குக் கடைசி வரைக்கும் படம் நல்லாத் தெரியணும், அவங்க அசையவே கூடாது. எல்லா டவரையும் என் கைக்குத் தாங்க."

அவர் கொடுத்தார். ஆக்சிலியா கணக்கை ஓட்டினாள். விடை வந்ததும் அவள் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

"என்னம்மா?"

"ஒரு வழிதான் இருக்கு மேடம். ஆனா பாலத்துக் கிழக்கு முனையில ஒரு மூலை இருட்டாயிரும். அங்கேருந்து எந்தப் போனும் போகாது. ஆம்புலன்ஸுக்குப் போட்டாக்கூட."

"எவ்வளவு நேரம்?"

"கூட்டம் எறங்குத வரைக்கும்."

"அந்த மூலையில யாரு நிக்கா?"

"தெரியாது. எனக்கு எல்லாரும் புள்ளிதான்."

பேச்சியம்மாள் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கிருந்து பாலம் ஒரு கறுத்த கோடாகத் தெரிந்தது. கோடு நெளிந்துகொண்டிருந்தது.

"செய்யி," என்றார். "பேச்சியம்மா சொன்னான்னு யாருகிட்ட வேணாலும் சொல்லிக்க."

ஆக்சிலியா தொடங்கினாள். தேரி மேட்டு டவர் பாதிச் சக்தியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் சூடேறித் தானாகக் குறைந்திருக்கும் என்று நினைத்தபடி அதை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு பாலத்துக்கு வரும் சாலையில் வால்போல நீண்டிருந்த கூட்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்னலை இறக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பாலத்தின்மேல் சிவப்பு அடர்ந்துகொண்டே போனது. பேச்சியம்மாளின் கை அவள் தோளை இறுகப் பற்றியிருந்தது.

வாலின் நுனியில் ஒரு புள்ளி திரும்பியது. அப்புறம் ஒரு பத்து. அப்புறம் வால் முழுவதும் அவிழ்ந்து தேரியைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"போறாவ! ஏ, போறாவம்மா!" பேச்சியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே குதித்தார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தள்ளுமுள்ளு இல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஆயிரக்கணக்கானவர்கள் சிவந்த மணலில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. எதிலிருந்து தப்பித்து வருகிறோம் என்பது ஒருவருக்கும் தெரியாது.

சாலை காலியானதும் ஆக்சிலியா பாலத்தின் இரு முனைகளிலும் சிக்னலை இறக்கினாள். முனைகளில் நின்றவர்கள் வழிந்து சாலைக்கு வந்தார்கள். கடைசியாக நடுவிலிருந்தவர்கள். அந்த நேரத்தில் எங்கோ ஒரு கூச்சல் எழுந்தது. சவுக்குக் கம்புகள் பிய்ந்து ஓடையில் விழுந்தன. கம்புகள் மட்டும். அவற்றின்மேல் சாய்ந்து நின்றவர்கள் கொஞ்சம் முன்புதான் நகர்ந்து போயிருந்தார்கள்.

தரை அதிர்ந்தது. வேனின் கண்ணாடிகள் கடகடத்தன. கரை முழுக்க ஒரே ஆரவாரம். ராக்கெட் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது ஆக்சிலியா அதைப் பார்க்கவில்லை. திரையில் காலியாகிக் கிடந்த பாலத்தைப் பார்த்து, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

மறுநாள் பத்திரிகைகளில் ராக்கெட் மட்டும்தான் இருந்தது. நடக்காத விபத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? ஆக்சிலியாவுக்கு அதுவே பெருமையாக இருந்தது. ஊரில் அம்மா பொரித்துப் போட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் பேச்சியம்மாள் அழைத்தார்.

"அந்தக் கெழக்கு மூலையில ஒருத்தரு இருந்திருக்காரும்மா. பால்வண்ணன்னு பேரு. பக்கவாதம். வீட்டுக்காரி போன் போட்டுப் பாத்திருக்கா, போகல. கூட்டம் கலைஞ்ச பொறவுதான் எங்க ஆளு பாத்துத் தூக்கியிருக்கான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருக்காரு, உயிருக்கு ஒண்ணுமில்ல. ஒனக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

ஆக்சிலியா கை கழுவிவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள்.

பால்வண்ணன் அந்தப் பக்கத்துக் கபடிப் போட்டிகளில் மைக் பிடிப்பவர். அவர் குரலுக்காகவே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உண்டு என்று வார்டுக்கு வெளியே நின்ற உறவினர்கள் சொன்னார்கள். இப்போது அவருக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. பேச்சு மெல்லத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனைவி சந்தனமாரி ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சாற்றை ஒரு கரண்டியில் பிழிந்துகொண்டிருந்தாள்.

ஆக்சிலியா எதையும் மறைக்கவில்லை. "உங்க போன் போகாமப் போனதுக்கு நான்தான் காரணம் அக்கா," என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். சந்தனமாரி பிழிவதை நிறுத்தவில்லை. கரண்டி நிரம்பியதும் பேசினாள்.

"அந்தப் பொத்தானை எத்தன தடவ அமுக்குனேன் தெரியுமா? வெரலு மரத்துப் போச்சு. ஒம்மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி." கரண்டியைக் கணவனின் வாயில் வைத்தாள். "ஆனா பாலம் நெரிஞ்சிருந்தா இவரும் நானும் இப்ப இங்க இல்ல. அதையும் நெனைக்கேன். எனக்கு ஒண்ணுதான் புரியல. நாங்க மொதல்ல தேரியிலதானே நின்னோம்? பனைக்குக் கீழ நெழலு இருந்துச்சு. அங்க படமே வரல. பாலத்துக்கிட்ட பளிச்சுன்னு தெரியுதுன்னு எல்லாரும் போனாவ. 'வா, நாமளும் போவோம்'னு இவரும் கெளம்பிட்டாரு. அப்பயும் நீதான் செஞ்சியா?"

"இல்லக்கா. தேரியிலதான் நல்லா வரணும். அப்படித்தான் நான் போட்டுக் குடுத்தேன்."

சொல்லும்போதே அவளுக்கு உள்ளே ஏதோ இடறியது. தேரி மேட்டு டவர் பாதிச் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலால் குறைவதென்றால் பாலத்து டவரும் அதே வெயிலில்தானே நின்றது?

திருமலைக்கொழுந்து அவளைப் பாராட்டுவதற்கென்றே அன்று தூத்துக்குடிக்கு வந்திருந்தார். ஓட்டல் அறையில் அவருக்கு முன்னால் பூங்கொத்து ஒன்று இருந்தது. ஆக்சிலியா உட்காரவில்லை.

"தேரி டவர யாரு சார் கொறைச்சது?"

அவர் பொய் சொல்ல முயலவில்லை. "நான்தான்."

"ஏன்?"

"பாலத்துக்குப் பக்கத்துல ராட்சதத் திரை, கடை எல்லாம் வச்சிருந்தாங்க இல்ல, விளம்பரம் குடுத்தவங்க. கூட்டம் அங்க வரவே இல்லன்னு காலையிலேருந்து புலம்பல். உன் கணக்கு என் கையில இருந்தது. கொஞ்சம் இழுத்துப் பாப்போம்னு தோணுச்சு. கடைப் பக்கம் ஒரு ஆயிரம் பேரு வருவாங்கன்னு நெனச்சேன்மா." அவர் பூங்கொத்தை ஒதுக்கி வைத்தார். "அது இவ்வளவு நல்லா வேலை செய்யும்னு எனக்குத் தெரியாது."

ஆக்சிலியாவுக்கு இப்போது விளங்கியது. தான் காப்பாற்றிய கூட்டத்தை அந்தப் பாலத்துக்கு இழுத்து வந்ததும் தன் கணக்குத்தான்.

"போலீஸ்ல சொல்லப் போறேன் சார்."

"சொல்லு. நானும் வர்றேன்." அவர் எழுந்து நின்றார். "ஆனா அதோட இது நிக்காது. நடந்தது மேல தெரிஞ்சுபோச்சு. நேத்துலேருந்து போன் மேல போன். ஒருத்தருக்கு மாலுக்குக் கூட்டம் வேணும். இன்னொருத்தருக்கு மாநாட்டுக்கு வேணும். வேற சிலபேருக்குக் கூட்டம் கலையணும். கணக்கு ஏற்கெனவே நாலு கை மாறிருச்சு."

இருவரும் பேச்சியம்மாளிடம் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். நிறுவனம் இருவரையும் வேலையை விட்டு நீக்கியது. விசாரணை நடந்தது. ஆனால் திருமலைக்கொழுந்து சொன்னதுபோல, கணக்கை யாராலும் திரும்பக் கூட்டுக்குள் அடைக்க முடியவில்லை.

ஆக்சிலியா பல நாள் அந்தச் சமன்பாட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். அதை உடைக்க வழி தேடினாள். டவர்களில் இல்லை. அலைகளில் இல்லை. ஒரு மாலை, பால்வண்ணனைப் பார்க்கப் போயிருந்தபோது, சந்தனமாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் நிறுத்தினாள்.

"அக்கா, இது ஏன் வேலை செய்யுதுன்னா, நகர்றவங்களுக்குத் தெரியாததனாலதான். தெரிஞ்சா?"

"தெரிஞ்சா எதுக்கு நகரணும்? நான் என்ன ஆட்டுக்குட்டியா, கொழையக் காட்டுன பக்கமெல்லாம் போக?"

"அதேதான்! தெரிஞ்சுட்டா கணக்கு செத்துரும்!" ஆக்சிலியா அவளைக் கட்டிக்கொண்டாள். "எல்லாருக்கும் சொல்லிரணும். ஒவ்வொருத்தருக்கும்."

அங்கேயே போனில் பதிவு செய்தாள். அலைநீளம், குறுக்கீடு, நெரிசல் என்று அவள் சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டுக் கட்டிலில் இருந்த பால்வண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒறங்கிட்டாரு பாரு," என்றாள் சந்தனமாரி. "இங்க கொண்டா."

அவள் பேசினாள். தேரியில் நின்றது, படம் வராதது, பாலத்துக்குப் போனது, போன் போகாதது, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது. "இனிமே எங்கயாவது கூட்டத்துல நிக்கும்போது சிக்னல் போச்சுன்னா, ஒடனே கால எடுக்காதீங்க. மொதல்ல கேளுங்க, என்னைய எங்க போகச் சொல்லுதாங்கன்னு" என்று முடித்தாள். அந்தக் குரல் அன்றே ஊர் தாண்டியது. சில நாளில் பஸ்ஸில், டீக்கடையில், காய்கறிச் சந்தையில் அது ஒலிப்பதை ஆக்சிலியாவே கேட்டாள்.

மழைக்காலம் நெருங்கிய சமயம் பேச்சியம்மாள் அழைத்தார். "நாளைக்குக் காலையில உப்பளத்து ஆளுங்க கூட்டம் போடுதாவ. மழைக்கால நிவாரணம் கேட்டு. அனுமதி இருக்கு, நான்தான் பந்தோபஸ்து. எங்க பக்கத்துலேருந்து ஒண்ணும் இல்ல. ஆனா சிக்னல வச்சு என்னமோ நடக்கும்னு காதுல விழுந்துச்சு. வந்து பாக்கியா?"

தூத்துக்குடிக்கு வெளியே அந்தத் திடலில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆக்சிலியா நடுவில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, பேச்சியம்மாள் வாங்கித் தந்த டவர் விவரங்களை வைத்துப் போனில் தன் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். மேடையில் ஒரு பெண் பேசத் தொடங்கியிருந்தாள். ஆளுக்கு ஆள் அதைப் படம்பிடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓரங்களில் முதலில் சிக்னல் இறங்கியது. எவ்வளவு நிதானம், எவ்வளவு ஒழுங்கு! அன்று பாலத்தில் அவள் செய்தது போலவே. ஓரம், பிறகு அதற்கு உள்பக்கம். சாலைக்கு அப்பால் மட்டும் சிக்னல் கொழித்தது. யார் கை இதைச் செய்கிறது என்று தெரியவில்லை. ஆனால் செய்கிறவர் கெட்டிக்காரர். இன்னும் கொஞ்ச நேரத்தில் திடல் பாதி காலியாகும் என்று கணக்கு சொன்னது.

ஓரத்தில் இருந்த ஒருத்தி போனைத் தட்டிப் பார்த்தாள். எழுந்தாள். நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஏட்டி!" என்று கத்தினாள். "சிக்னல எடுத்துட்டானுவ! நம்மள எழுப்பப் பாக்கானுவ!"

திடல் முழுக்கச் சிரிப்பு. எழுந்து நின்ற சிலரைப் பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். போன்கள் இடுப்புக்குள்ளும் பைக்குள்ளும் போயின. மேடையில் இருந்தவள் மைக்கை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள். திடலின் ஓரத்தில் நின்ற பேச்சியம்மாள் தொப்பியை இறக்கிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

ஆக்சிலியா துள்ளி எழுந்தாள். தப்பு! மொத்தக் கணக்கும் தப்பு! வாழ்நாளில் அவள் போட்ட மிகச் சரியான கணக்கு அவள் கண்ணெதிரே பொய்த்துக்கொண்டிருந்தது. இதை உடனே சந்தனமாரிக்குக் காட்ட வேண்டும். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தாள். போகவில்லை. இன்னொரு முறை அனுப்பினாள்.

"ஏம்மா," என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மறைக்காம உக்காரு. எங்க போற?"

ஆக்சிலியா குனிந்து, பிறகு திரும்பிப் பார்த்தாள். தான் உட்கார்ந்திருந்த இடம் நாலைந்து வரிசை பின்னால் கிடந்தது. அவள் செருப்பு இன்னும் அங்கேயே இருந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் சாலையைப் பார்த்து நகர்ந்து வந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"சும்மா... இந்தப் பக்கம் வந்தேன்," என்றாள்.

"வந்தா வந்த. இங்கனயே உக்காரு," என்று அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆக்சிலியா உட்கார்ந்தாள்.